இலாயம் யாருடைய மரபு? – பெங்களூர் ஆஸ்டின் டவுன் வட்டாரத்துக் குதிரைக் கொட்டில்களை முன்வைத்து

முன்னுரை

மரபுச் சின்னம் என்றதும் கோயில், கோட்டை, அரண்மனை, தேவாலயம், ஆளுநர் மாளிகை ஆகியன நினைவிற்கு வருகின்றன. மாளிகையின் பின்புறத்தே மதிலையொட்டித் தாழ்ந்த கூரையுடன் நின்ற குதிரை இலாயம் நினைவிற்கு வருவதில்லை. மாளிகையைக் காக்க முனைவோர்கூட இலாயத்தை அதன் பின்னொட்டாகவே கருதுவர். இடம் தேவைப்படும்போது முதலில் இடிபடுவதும் அதுவே. காலனித்துவத் தொடக்கக் காலத்தில் பந்தயக் குதிரைகளைக் கட்டிவைத்த இலாயங்களுக்கு மரபு மதிப்பு உண்டா, உண்டெனில் அது எதில் அமைந்துள்ளது என்னும் வினாவைப் பெங்களூர் ஆஸ்டின் டவுனையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

இவ்வினாவிற்கு வழக்கமாகத் தரப்படும் விடைகள் இரண்டு. புகழ்பெற்ற ஒருவரின் குதிரைகள் அங்கு நின்றன என்பது ஒன்று. கட்டடம் மிகப் பழையது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் போதுமானவையாகத் தோன்றவில்லை. வேறெந்த ஏட்டிலும் பதிவாகாத ஓர் உழைப்பு வாழ்விற்கு அக்கட்டடமே எஞ்சிய ஆவணம் என்பதே இலாயத்தின் முதன்மையான மதிப்பு என்பது இக்கட்டுரையின் கருத்து. அவ்வுழைப்பில் தமிழர்க்குப் பெரும்பங்கு உண்டு. எனவே தமிழாய்வாளர் இதனைக் கன்னட நாட்டு உள்ளூர்ச் செய்தி என்று விலக்கிவிட இயலாது.

இடமும் பெயரும்

1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அங்கு நிறுத்தப்பட்டிருந்த ஆங்கிலப் படை, 1809இல் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. பழைய பேட்டைக்குக் கிழக்கே விரிந்த மேட்டு நிலத்தில் எழுந்த படைக்குடியிருப்பை மக்கள் 'தண்டு' என்றனர். தமிழிலும் கன்னடத்திலும் படையைக் குறிக்கும் இச்சொல் சிவாஜி நகரிலுள்ள தண்டு மாரியம்மன் கோயிலின் பெயரில் இன்றும் வாழ்கிறது. படையோடு ஆற்காட்டுப் பகுதியிலிருந்தும் சென்னை மாகாணத்தின் பிற பகுதிகளிலிருந்தும் வணிகரும் ஒப்பந்தக்காரரும் கைவினைஞரும் பணியாளரும் வந்து குடியேறினர். 1881இல் மைசூர் அரசு மீண்டும் உடையார் மரபினரிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் தண்டுப் பகுதி ஆங்கிலேயர் ஆட்சியிலேயே நீடித்து, 1947இல்தான் மைசூருடன் சேர்ந்தது. பெங்களூர்த் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் போன்ற செல்வர்களைக் குறிப்பிடத் தவறுவதில்லை. அவர்களது வண்டிக் குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டியவர்களைப் பற்றி ஒரு வரியும் காண்பது அரிது.

ஆஸ்டின் டவுன் இத்தண்டுப் பகுதியின் தென்கிழக்கு ஓரத்தில் அமைந்தது. மேற்கே ரிச்மண்ட் டவுன், லாங்ஃபோர்ட் டவுன் ஆகிய பங்களாக் குடியிருப்புகள். கிழக்கே படைத்துறையின் திறந்த நிலமான அகரம். ஒருபுறம் குதிரை வைத்திருந்தோரின் வீடுகளும் மறுபுறம் குதிரை ஓடுவதற்கேற்ற வெளியும் இருக்க, இடைப்பட்ட நிலத்தில் உழைப்பாளர் குடியிருப்பு அமைந்தது. தமிழ் பேசுவோர் செறிந்து வாழ்ந்த இப்பகுதிக்கு ஆஸ்டின் என்னும் ஆங்கிலேயரின் பெயர் வாய்த்தது. பின்னர் கிட்டெல் நகர் என்று பெயர் மாற்றப்பட்டது. எனினும் மக்கள் வழக்கில் ஆஸ்டின் டவுனே நிலைத்துள்ளது.

கிட்டெலின் பெயர் இங்கு ஒரு வகையில் பொருத்தமானதே. பாசல் மிஷனைச் சேர்ந்த ஃபெர்டினாண்டு கிட்டெல் தொகுத்த கன்னட–ஆங்கில அகராதி 1894இல் மங்களூரில் அச்சேறியது. தென்னிந்திய மொழிகளுக்குப் பொதுவான சொற்களை ஒப்பிட்டு நோக்கும் வழக்கம் உடையவர் அவர். குதிரை தொடர்பான சொற்களில் அப்பொதுமை தெளிவாகப் புலனாகிறது. தமிழில் இலாயம், கன்னடத்தில் லாய; தமிழில் இலாடம், கன்னடத்தில் லாள. பேச்சில் தமிழர் 'லாயம்', 'லாடம்' என்றே கூறுவர். புரவி, பரி, இவுளி, மா எனக் குதிரையைக் குறிக்கும் சொற்கள் செய்யுளில் பெருகிக் கிடக்க, குதிரையைப் பேணும் தொழிலுக்குரிய சொற்களோ மொழி எல்லைகளைக் கடந்து தொழிலாளரின் வாயில் வளர்ந்துள்ளன. முன்னவற்றை நிகண்டுகள் காத்தன. பின்னவற்றைக் காத்தவை இலாயங்கள்.

அலி அஸ்கரும் ஹோசூர்ச் சாலையும்

இவ்வட்டாரத்தின் குதிரை வரலாறு ஆகா அலி அஸ்கரிலிருந்து தொடங்குகிறது. பாரசீகத்தின் ஷிராஸ் நகரைச் சேர்ந்த இவர், 1824இல் இளம் வயதில் குதிரைகளுடன் பெங்களூர் வந்தார். தண்டின் ஆங்கில அதிகாரிகளுக்கும் மைசூர் அரசர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கும் குதிரைகள் விற்றார். 1834 முதல் 1861 வரை மைசூரின் ஆணையராக இருந்த மார்க் கப்பனின் நட்பைப் பெற்று, தண்டுப் பகுதியில் பங்களாக்கள் பலவற்றைக் கட்டினார். 1891இல் மறைந்தார். 1926 முதல் 1941 வரை மைசூரின் திவானாக விளங்கிய சர் மிர்சா இஸ்மாயில் இவருடைய பேரன்.

அலி அஸ்கரின் இலாயங்கள் ரிச்மண்ட் டவுனில், ஹோசூர்ச் சாலையை ஒட்டி இருந்தன என்றும், 1929இல் எழுந்த ஜான்சன் சந்தை அந்நிலத்தில்தான் அமைந்தது என்றும் செய்தி வழங்குகிறது. அருகில் அரபுக் குதிரை வணிகர் தங்கிய இடம் 'அரபு லைன்ஸ்' எனப் பெயர் பெற்றது. சந்தையின் இருமருங்கும் கடைகள் வரிசையாக அமைந்து நடுவில் நடைபாதை ஓடுவதைக் காண்போர்க்கு இலாயத்தின் அமைப்பு நினைவிற்கு வரலாம். அதைக் கொண்டு இலாயமே சந்தையாக மாற்றப்பட்டது என முடிவுகட்டுவது பிழை. சந்தைக் கட்டடங்கள் பலவும் அவ்வாறே அமைவன. நிலத்தின் தொடர்ச்சி வேறு, கட்டடத்தின் தொடர்ச்சி வேறு. மரபு ஆர்வலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதை அடிக்கடி காண்கிறோம்.

அலி அஸ்கர் பெங்களூர் வந்த அதே 1824ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்குக் குதிரைகளை வளர்த்துத் தரும் நிலையம் ஹோசூரை அடுத்த மத்திகிரியில் நிறுவப்பட்டது. ஏறத்தாழ 1,600 ஏக்கர் பரப்புள்ள அந்நிலம் பின்னர் அரசு கால்நடைப் பண்ணையாக மாறியது. மேற்கே குணிகல்லில் திப்பு சுல்தான் காலத்தில் தோன்றிய குதிரைப் பண்ணை இருந்தது. குணிகல், பெங்களூர், ஹோசூர் ஆகிய மூன்றையும் ஒரு கோடாக இணைத்துப் பார்த்தால், ரிச்மண்ட் டவுனும் ஆஸ்டின் டவுனும் அக்கோட்டின் நடுவே நிற்பது புலப்படும். சென்னைத் துறையில் இறங்கிய குதிரைகளும் தண்டிற்கு வந்தன. தொடக்கத்தில் அரபுக் குதிரைகள். 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலிருந்து ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்த 'வேலர்' குதிரைகள்.

பந்தயம் பற்றி ஒரு தெளிவு வேண்டும். இன்று நாம் காணும் பந்தயக் குதிரை, அத்தொழிலுக்கென்றே பிறந்து வளர்வது. பெங்களூர்ப் பந்தயக் கழகம் உயர்நிலப் பகுதியில் தொடங்கப்பெற்ற 1921ஆம் ஆண்டை அத்தகைய நிறுவனப் பந்தயத்தின் வளர்ச்சியில் ஒரு கட்டமாகக் கொள்ளலாம். அதற்கு ஒரு நூற்றாண்டு முன் நிலைமை வேறு. படையதிகாரி காலையில் அணிவகுப்பில் ஏறிய குதிரையையே பந்தயத்திலும் ஓட்டினார். வணிகர் விற்பனைக்கு வைத்த அரபுக் குதிரையே களத்தில் தன் விலையை உயர்த்திக்கொண்டது. எனவே காலனித்துவத் தொடக்கக் காலக் கட்டடம் ஒன்றைப் 'பந்தய இலாயம்' எனக் குறிக்கும்போது, பிற்கால வகைப்பாட்டை முற்காலத்தின் மேல் ஏற்றுகிறோம். படை, வணிகம், பயணம், பந்தயம் ஆகிய நான்கிற்கும் பொதுவான கட்டடம் அது.

குதிரைக்காரரும் புல்லறுப்போரும்

ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி, இத்துறையில் தமிழாய்வாளர்க்குப் பெரிதும் பயன்படுவது. பர்னல், தஞ்சை அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை தொகுத்தவர் என்பதால் நமக்கு அறிமுகமானவரே. வட இந்தியாவில் குதிரைப் பணியாளரைச் 'சைஸ்' என்றும் பம்பாயில் 'கோடாவாலா' என்றும் அழைக்க, சென்னை மாகாணத்திலும் இலங்கையிலும் 'ஹார்ஸ்-கீப்பர்' என்ற ஆங்கிலச் சொல்லே வழங்கியது என்று அந்நூல் குறிக்கிறது. குதிரைக்காரன் என்ற தமிழ்ச் சொல்லுக்கு இது மிக அணுக்கமானது.

அந்நூல் தரும் மற்றொரு செய்தி இன்னும் முதன்மையானது. ஒவ்வொரு குதிரைக்கும் குதிரைக்காரனைத் தவிரப் புல் கொண்டுவருவதற்கென ஓர் ஆள் தேவைப்பட்டார். வடக்கே இவ்வேலையைச் செய்தவர் ஆண். தெற்கே குதிரைக்காரனின் மனைவியே இதனைச் செய்தார்.

இவ்வொரு குறிப்பு இலாயத்தைப் பற்றிய நம் பார்வையையே மாற்றுகிறது. தென்னாட்டு இலாயம் ஆண்கள் மட்டும் பணியாற்றிய இடமன்று. ஒரு குதிரைக்கு ஒரு குடும்பம் என்னும் கணக்கில் இயங்கிய குடியிருப்பு. பத்துக் குதிரைகள் நின்ற இலாயத்தை அடுத்துப் பத்துக் குடும்பங்கள் வாழ்ந்திருக்க வேண்டும். பெண்கள் விடியலில் புறப்பட்டு வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் அருகம்புல்லை வேரோடு செதுக்கி, மண் போகத் தட்டி அலசி, தலைச்சுமையாகக் கொண்டுவந்தனர். கொள்ளு ஊறவைத்து அவிக்கப்பட்டது. அதன் அடுப்பு, அண்டா, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்கு இலாய வளாகத்தில் இடம் ஒதுக்கப்பட்டது. குதிரை தின்னும் தவசத்தைக் காய்ச்சும் அடுப்பிற்கும் குதிரைக்காரர் வீட்டு உலைக்கும் இடையே சில அடி தொலைவே இருந்திருக்கும். குதிரைக்கென அளந்து தந்த கொள்ளில் ஒரு பகுதி குதிரைக்காரரின் வீட்டிற்குச் சென்றுவிடுவதாகத் துரைமார் ஓயாது ஐயுற்றனர். அவ்வையத்தில் உண்மை எவ்வளவு என்பதைவிட, அவ்வீடுகளில் பசி எவ்வளவு என்பதே வரலாற்றாய்வாளர் கேட்க வேண்டிய வினா.

1896இல் பெங்களூர் வந்த இளம் படையதிகாரி வின்ஸ்டன் சர்ச்சில், 1930இல் வெளியிட்ட தன்வரலாற்றில் தம் தண்டு வாழ்க்கையை விரித்துரைக்கிறார். பணத்தைப் பட்லரிடமும் உடைகளை உடுத்தும் பையனிடமும் குதிரைகளைச் சைஸிடமும் ஒப்படைத்துவிட்டால் கவலையில்லை என்பது அவர் காட்டும் சித்திரம். பணியாளர் அங்கே பதவிப் பெயர்களாகவே நடமாடுகின்றனர். கப்பனின் நினைவாக 1866இல் பெங்களூரில் நிறுவப்பட்ட சிலையை இத்தாலியச் சிற்பி மாரோகெட்டி வடித்தார். குதிரைமேல் அமர்ந்த கோலத்திலுள்ள அச்சிலை 2020இல் உயர்நீதிமன்ற வளாகத்திலிருந்து கப்பன் பூங்காவிற்குள் மாற்றப்பட்டது. ஏறியவருக்குச் சிலை உண்டு, ஏற்றிச் சென்ற குதிரைக்கும் உண்டு. திருவிளையாடல் மரபில் மணிவாசகருக்காக இறைவனே குதிரைச் சேவகனாக வந்ததைக் கொண்டாடும் தமிழ் மரபிற்குரியோர், மெய்யான குதிரைச் சேவகரை வரலாற்றில் தேடாதது வியப்பே.

குடியிருப்பு வடிவம் பற்றிய ஒரு சொல்லாய்வுக் குறிப்பை இங்குச் சேர்க்கலாம். இலங்கை மலையகத் தோட்டங்களில் தொழிலாளர் வாழும் தொடர் அறைகளை 'லயம்', 'லயன்' என்பர். இது 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. இலாயத்தோடு அதற்குப் பிறப்பொற்றுமை இல்லை, ஒலியொற்றுமை மட்டுமே உண்டு. ஆயின் கட்டட ஒற்றுமை மெய்யானது. ஒரே நீண்ட பின்சுவர், ஒரே கூரை, சம அளவில் பகுத்த அறைகள், முன்னே ஒரு தாழ்வாரம், நீர் ஓடும் சாய்தளம். ஒரே நிருவாக மனம் குதிரைக்கும் மனிதர்க்கும் ஒரே வரைபடத்தைப் பயன்படுத்தியது. அரபு லைன்ஸ் என்ற பெங்களூர்ப் பெயரில் உள்ள 'லைன்' என்பதும் இவ்வகையினதே.

ஒரு பழைய குற்றச்சாட்டு

தமிழர்க்குக் குதிரை பேணத் தெரியாது என்னும் கருத்து பழமையானது. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழியாகக் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. ஆயின் அவ்வாறு வந்த குதிரைகள் பின்னர் எவ்வாறு வாழ்ந்தன என்பதை அயலவர் எழுத்துகளே பேசுகின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறையில் ஹோர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகள் இறங்கியதைக் குறிப்பிட்டு, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கப்படும் குதிரைகளில் ஆண்டிறுதியில் எஞ்சுவன சிலவே என்கிறார். பேணும் அறிவின்மையும் இலாடம் அடிப்போர் இல்லாமையும் அவர் காட்டும் காரணங்கள். இலாடம் அடிப்போர் இந்நாட்டிற்குச் செல்லாதவாறு வணிகரே தடுத்தனர் என்றும் அவர் எழுதியுள்ளார். குதிரைகள் மாண்டால்தானே விற்பனை தொடரும்? பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கிஸ் தீவிலிருந்து மட்டும் ஆண்டிற்கு 1,400 குதிரைகள் வந்தன என்றும் ஒன்றின் விலை 220 பொன் தீனார் என்றும் கணக்குத் தருகிறார். வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தவசமும் காய்ச்சிய பாலும் கொடுத்து, நாற்பது நாள் கயிற்றிலும் முளையிலும் கட்டிவைத்துக் கொழுக்கச் செய்து, பயிற்சியின்றி ஏறிச் செல்கின்றனர் என்று எள்ளுகிறார்.

இவர்கள் கூறியதை முழுவதும் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின், சென்னைப் படையின் குதிரைகளைப் பேணியவர்கள் இந்நாட்டுக் குதிரைக்காரரே என்பதையும் எண்ண வேண்டும். அறியாதோர் என்று பழிக்கப்பட்டோர் அறிந்தோர் ஆனது எவ்வாறு? நகுலன் பெயரால் வழங்கும் அசுவசாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் ஓவியங்களுடன் பதிப்பித்துள்ளது. அது அரசவையின் அறிவு. இலாயத்தில் கையிலிருந்து கைக்கு மாறிய அறிவு வேறு: இருமலைக் கேட்டு நோயறிதல், குளம்பின் சூட்டைத் தொட்டறிதல், பந்தயத்திற்கு முன் தீனியைக் குறைக்கும் அளவு. அரபு, பாரசீக, தக்கணி, தமிழ், கன்னட மொழிகள் பேசுவோர் ஒரே கூரையின்கீழ் பணியாற்றிய இலாயங்களே இவ்வறிவு வளர்ந்த பள்ளிகள். கயிறும் முளையும் பிற்காலத்திலும் நீங்கவில்லை. தலைக்கயிறும் பின்னங்கால் கயிறும் இட்டுக் கட்டும் முறை ஆங்கிலப் படையிலும் தொடர்ந்தது. வஸ்ஸாஃப் எள்ளிய பொருள்கள் ஆங்கிலப் படையின் ஒழுங்கிலும் இடம்பெற்றதில் ஒரு நகைச்சுவை உண்டு.

கட்டடத்தைப் படித்தல்

எழுத்தாவணம் இல்லாத இடத்தில் கட்டடத்தையே படிக்க வேண்டும். கல்வெட்டைப் படிப்போர்க்கு எழுத்தமைதி எவ்வாறு காலம் காட்டுமோ அவ்வாறே இலாயத்திற்குச் செங்கல்லும் சாந்தும் கூரையும் காலம் காட்டும். பழைய கட்டடம் எதனையும் 'திப்பு காலத்தது' என்னும் ஊர்வழக்கை அப்படியே ஏற்கலாகாது. மங்களூர் ஓடு வேய்ந்த இலாயத்தை எடுத்துக்கொள்வோம். பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையை நிறுவியது 1865இல். ஆகவே அக்கூரை அதற்கு முற்பட்டதாக இருக்க இயலாது. ஆனால் கூரையின் காலமே சுவரின் காலம் என்றும் கொள்ளலாகாது. நாட்டு ஓட்டை நீக்கி மங்களூர் ஓடு மாற்றியது எங்கும் நிகழ்ந்தது. மெல்லிய நாட்டுச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட சுவர் முற்காலத்தைச் சுட்டலாம். உருக்கு உத்தரம் தாங்கிய கூரை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கோ அதற்குப் பின்னரோ உரியது. கிட்டெலின் அகராதியை அச்சிட்ட மிஷனே இலாயக் கூரைக்கும் காலக்குறிப்பு அளிப்பது ஆய்வாளர்க்குக் கிடைத்த எதிர்பாராத உதவி.

கூரையைவிடத் தரை மிகுதியாகப் பேசும். குளம்பு வழுக்காதவாறு குத்துக்கல்லாக அடுக்கிய செங்கல் தரை, சிறுநீர் வடிவதற்கான சாய்வும் கால்வாயும், சுவரில் பதித்த இரும்பு வளையம், முளை அடித்த குழி, பல்லாண்டு கழுத்து உரசி மழுங்கிய மரத்தூண் ஆகியவற்றில் வேலையின் அன்றாடம் படிந்துள்ளது. பகுப்புகளின் அகலத்தைக் கொண்டு அங்கு நின்றது மட்டக்குதிரையா உயர்ந்த வேலரா என ஊகிக்கலாம். மேல்முகட்டில் காற்றுப்போக்கு வைத்திருப்பின், குதிரை நோய்கள் பற்றிய 19ஆம் நூற்றாண்டு மருத்துவக் கருத்து அங்கு எட்டியுள்ளது எனலாம். மோட்டார் வாகனம் பெருகிய பின் இலாயங்கள் வண்டிக்கூடமாகவும் கிடங்காகவும் வாடகை வீடாகவும் மாறின. அப்போது முதலில் அழிந்தது தரைதான். அதன்மீது சிமெந்து பூசினர். இன்று 'பாதுகாக்கப்பட்டு' உணவகமாகவோ காட்சிக்கூடமாகவோ மாறும் இலாயங்களிலும் நிகழ்வது இதுவே. வளைவுகளும் முகப்பும் வண்ணம் பெறுகின்றன. தரை பளபளப்பான கல்லாகிறது. ஆவணத்தின் அட்டையைக் காத்து ஏடுகளைக் களைவதற்கு இது ஒப்பாகும்.

மதிப்பீட்டு அளவுகோல்கள்

மரபு மதிப்பு என்பது ஒற்றைப் பொருளன்று. ஆஸ்திரிய அறிஞர் அலாய்ஸ் ரீகல் 1903இலேயே பழமை மதிப்பையும் வரலாற்று மதிப்பையும் பிரித்துக் காட்டினார். ஆஸ்திரேலியாவில் 1979இல் உருவான பர்ரா சாசனம் அழகியல், வரலாறு, அறிவியல், சமூகம் எனப் பல மதிப்புகளைக் கருதுகிறது. நம் நாட்டின் 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டம் நூறாண்டுப் பழமையை வாயிற்படியாக வைக்கிறது. அப்படியைத் தாண்டும் கட்டடங்கள் எண்ணற்றவை. அவற்றுள் எதைத் தேர்வது என்னும்போது அழகும் உடைமையாளரின் புகழுமே பெரும்பாலும் தீர்ப்பளிக்கின்றன. அழகியல் அளவுகோலில் இலாயம் தோற்கும். புகழ் அளவுகோலில் அலி அஸ்கரைப் போன்றோர் பெயரால் ஒன்றிரண்டு பிழைக்கும். சமூக அளவுகோலில் வைத்தால்தான் இலாயத்தின் இடம் விளங்கும். ஆயின் அவ்வளவுகோலைப் பயன்படுத்த, அங்கு வாழ்ந்தோரின் வழிவந்தோரைக் கேட்க வேண்டும். ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, சூளை ஆகிய பகுதிகளின் முதியோரிடம் வாய்மொழி வரலாறு தொகுப்பது, தமிழ்த்துறைகள் நாட்டுப்புறவியல் களப்பணியாக எளிதில் மேற்கொள்ளத்தக்கது.

இதற்கு எதிரான வாதம் ஒன்றையும் எண்ணிப்பார்க்க வேண்டும். குதிரைப் பந்தயம் சூதாட்டத்தோடு பிணைந்தது. பல குடும்பங்களைச் சீரழித்தது. காலனித்துவ ஆடம்பரத்தின் எச்சம். அதன் கட்டடத்தைக் காப்பது அதனைப் போற்றுவதாகாதா என்று கேட்பர். பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்சநீதிமன்றம் 1996இல் சென்னைப் பந்தயக் கழக வழக்கில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு பந்தயத்தைப் பற்றியது, குதிரைக்காரரைப் பற்றியதன்று. கிண்டியில் 160 ஏக்கர் பந்தயத்திடலைத் தமிழக அரசு குத்தகையை நீக்கி 2024இல் கையகப்படுத்தியபோது குத்தகை நிலுவை, பசுமைவெளி, வெள்ளநீர்த் தேக்கம் ஆகியன பேசப்பட்டன. பேசத்தக்கவையே. அத்திடலைச் சார்ந்து தலைமுறைகளாக வாழ்ந்த இலாயத் தொழிலாளரின் வரலாறு அவ்விவாதத்தில் ஓர் ஓரத்திற்கும் வரவில்லை என்பது இக்கட்டுரையாளரின் வருத்தம். பந்தயத்தை வெறுப்பவர்க்கே இலாயத்தைக் காப்பதில் மிகுந்த அக்கறை இருக்க வேண்டும். பந்தயம் யாருடைய தோளில் ஓடியது என்பதற்கு அதுவே சான்று.

பதிவு செய்ய வேண்டியவை

தண்டுப் பகுதியில் எஞ்சிய இலாயங்களையும் இலாயமாக இருந்து வீடானவற்றையும் காப்பதற்கு முன், அவற்றை அளந்தெழுதுவது உடனடித் தேவை. காத்தல் அரசின் கையில் உள்ளது. அளந்தெழுதுதல் ஆய்வாளரின் கையில் உள்ளது. இலாயத்தை மட்டும் அளந்து நிறுத்திவிடலாகாது. அதனையொட்டிய குதிரைக்காரர் அறைகள், கொள்ளு அடுப்பு, கிணறு, தொட்டி, புல் உலர்த்திய முற்றம், வளாகத்திலிருந்து வெளியேறும் பின்வாயில் ஆகிய அனைத்தையும் ஒரே வரைபடத்தில் குறிக்க வேண்டும். குதிரை நிற்கும் பகுப்பின் அளவும் குதிரைக்காரர் குடும்பம் வாழ்ந்த அறையின் அளவும் ஒரே அட்டவணையில் அருகருகே இடம்பெற வேண்டும். பேச்சில் மட்டும் வழங்கும் இலாயச் சொற்களை, அவை அரபாயினும் தக்கணியாயினும் கொச்சைத் தமிழாயினும், வழங்கும் ஒலியிலேயே தொகுக்க வேண்டும். சிவாஜி நகரில் ஜட்கா ஓட்டியோரின் குடும்பங்களில் அச்சொற்களை அறிந்தோர் இன்னும் இருக்கக்கூடும், அவர்களிடமிருந்தே தொடங்கலாம். பின்வாயிலைத் தனியே குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. புல்சுமையோடு பெண்கள் உள்ளே வந்தது அவ்வழியாகத்தான். முகப்பை மட்டும் படமெடுப்போரின் பதிவுகளில் அது இடம்பெறுவதில்லை.